பதினோரு மீட்டர்

கிரான்பி மைதானத்தின் வரலாறு என்று கவுன்சில்காரர்கள் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது வரி. அதில் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது, எனக்கு எரிச்சலே அதுதான். 1911 வரை செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி. பிறகு இருபது வருஷம் ஊர்க் குப்பை கொட்டிய இடம். வேலையில்லாத காலத்தில் நிவாரணக் கூலிக்கு வந்தவர்கள் மண்வெட்டியால் நிரவினது. 1934 ஏப்ரலில் முதல் ரக்பி லீக் ஆட்டம். எல்லாம் சரி. அந்தப் புல்லை முப்பத்தைந்து வருஷம் வெட்டியவன் நான், இருபத்தெட்டு வருஷம் கவுன்சில் சம்பளத்தில், ஏழு வருஷம் வீட்டில் சும்மா உட்கார முடியாமல். விவரம் கேட்டு என்னிடம்தான் வந்தார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒன்பது வரியாக நறுக்கிவிட்டார்கள்.

அந்த இரண்டு பக்கத்திலும் முக்கியமானதை நான் எழுதவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊரில் யாரும் மைதானம் என்று சொல்வதில்லை, குழி என்றுதான் சொல்வார்கள். நல்ல மழை பெய்தால் இன்றைக்கும் பழைய குப்பை மேலே வரும். மருந்துப் பாட்டில் கழுத்து, பீங்கான், துருப்பிடித்த கரண்டி. ஆட்டத்துக்கு முன்னால் நாலு பேர் வரிசையாக நடந்து கண்ணாடி பொறுக்குவது எங்கள் வழக்கம். ஒரு தடவை டன்ஸ்மோர் ஆட்டக்காரன் ஒருத்தன் முழங்காலிலிருந்து நீலப் பூப் போட்ட சாஸர் துண்டை எடுத்தார்கள். அது எங்கள் ஊர்ச் சொத்து, திருப்பிக் கொடுங்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். டன்ஸ்மோர் என்பது ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். அந்த ஊர்க்காரர்களைப் பற்றி இதற்கு மேல் நல்லபடியாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எனக்கு முன்னால் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் ஆர்ச்சி டூல். அவர் ஆரம்பித்து வைத்ததுதான் இந்த அஸ்தி விவகாரம். குழியிலேயே வாழ்க்கையைக் கழித்த ஆள் செத்துப்போனால், வீட்டார் ஒரு காப்பி டப்பாவில் சாம்பலை எடுத்துக்கொண்டு ஆர்ச்சியிடம் வருவார்கள். கவுன்சில் லாரி செவ்வாய்க்கிழமை வராது, அதனால் எல்லாம் செவ்வாய்க்கிழமை காலையில்தான். ஆர்ச்சியிடம் கைப்பிடி வைத்த இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. புல்லோடு சேர்த்து மண்ணை உருளையாகப் பெயர்த்தெடுக்கும். ஓட்டைக்குள் சாம்பல், மேலே அதே புல், குதிகாலால் நாலு மிதி. அவ்வளவுதான். பாதிரியார் கிடையாது, பேச்சு கிடையாது. ஆளுக்கு ஒரு கோப்பைக்கு மேல் அவர் அனுமதிக்க மாட்டார், சாம்பல் அதிகமானால் புல் மஞ்சளாகிவிடும், அப்புறம் மைதானம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும் என்பார்.

எல்லாருக்கும் வடக்கு முனையில் இருக்கிற இரட்டைக் கம்பத்தடிதான் வேண்டும். எங்கள் பக்கம் ஜெயித்த ஆட்டமெல்லாம் அந்த முனையில் ஜெயித்தது என்று ஒரு நம்பிக்கை, கணக்குப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. ஆர்ச்சி ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பார். பெயர், அப்புறம் "வலது கம்பம், பின்னால் இரண்டு தப்படி" என்பது மாதிரி. எல்லா அளவும் கோல் கம்பத்திலிருந்துதான். கம்பம் நகரும் என்று அந்த மனுஷன் கனவிலும் நினைக்கவில்லை. நாங்களும்தான்.

வலது கம்பம், பின்னால் இரண்டு தப்படி. அது வெர்ன் பாஸ்கோ, 1985.

வெர்ன் எங்கள் அணியில் ஏழு வருஷம் ஆடியவர், சூளையில் லாரி ஓட்டியவர். அவரைப் பற்றிச் சொன்னால் செஸ் மல்ரெடியைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1963 கடைசிச் சுற்று ஆட்டம், டன்ஸ்மோர் கூட. ஜெயித்தால் அரையிறுதி. இரண்டு நிமிஷம் பாக்கி. வெர்ன் மூன்று பேரைச் சுமந்துகொண்டே வந்து, விழுகிற நேரத்தில் பந்தைச் செஸ்ஸிடம் கொடுத்தார். செஸ்ஸுக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. வலது கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் போதும். ஒரு தப்படி தூரம். பந்து கையை விட்டுப் போனது, ஆட்டமும் போனது.

அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் வெர்ன் அவரோடு பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே தெரு, நடுவில் ஒரே ஒரு வீடு. ஒரே சூளையில் வேலை. செஸ் காலை வணக்கம் சொன்னால் வெர்ன் வேலியோடு பேசுவார், நாயோடு பேசுவார், செஸ்ஸோடு பேச மாட்டார். வெர்ன் சாவுக்குச் செஸ் வந்து சர்ச் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார். உள்ளே கூப்பிடலாமா என்று வெர்ன் மனைவி யூனிஸுக்குத் தோன்றியதாம், கூப்பிடவில்லை.

யூனிஸ் பாஸ்கோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வெர்னை வைத்த பிறகு, உள்ளூர் ஆட்டம் நடக்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வருவார். பிளாஸ்கில் டீ, ஒரு சாஸேஜ் ரோல். வலது கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு, இரண்டு தப்படி பின்னால் இருக்கிற புல்லைப் பார்த்துப் பேசுவார். யார் வீட்டில் என்ன, யாருக்குப் பேரன், குழாய் சரிபண்ண வந்தவன் என்ன சொன்னான், எல்லாம். ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு பக்கத்தில் ஓடினால், அந்தப் பக்கம் போங்கடா என்று விரட்டுவார். அவர்களும் போவார்கள்.

இப்போது என் பங்கு. ஆர்ச்சி ஓய்வு பெற்று நான் வந்த மூன்றாவது வருஷம், 1991 கோடை. வடக்குக் கோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் இடம் போதாது, பையன்கள் வேகத்தில் போய் வேலியில் மோதுகிறார்கள் என்று லீக் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தெற்குப் பக்கம் இடம் கிடந்தது. அதனால் மொத்த ஆடுகளத்தையும் பதினோரு மீட்டர் தெற்கே தள்ளச் சொன்னார்கள். எங்கள் பக்கம் டிசம்பர்தான் கோடை, ஆட்டம் இல்லாத மாதம்; நானும் இன்னும் இரண்டு பேரும் அப்போதே வேலையை முடித்தோம். கம்பத்தைப் பிடுங்கி, புதுக் குழி வெட்டி, நட்டு, வெள்ளை அடித்து, கோடு போட்டாயிற்று. வடக்கே மிஞ்சின துண்டில், தெற்கே நிரவும்போது தோண்டின மண்ணைக் கொட்டி இடுப்பளவுக்கு மேடு கட்டி, வெளியூர் ஆட்கள் நிற்கட்டும் என்று புல் போட்டோம்.

மேட்டில் கடைசி வண்டி மண்ணைக் கொட்டும்போதுதான் எனக்கு ஆர்ச்சி குழாயோடு விட்டுப்போன நோட்டு ஞாபகம் வந்தது. பத்தொன்பது பேர் அந்த மண்ணுக்கு அடியில். ஆர்ச்சி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரும் அங்கேதான். கவுன்சிலிடம் சொல்லலாம் என்றால், இந்த அஸ்தி விஷயமே அவர்களுக்குத் தெரியாது.

மார்ச்சில் ஆட்டம் பார்க்க ஜனம் வந்தது. புல் பச்சைப் பசேலென்று இருந்தது. புதுசாக மேடு வந்திருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். கம்பம் தள்ளிப்போனது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. ஹாரி பென்வெல் என்று ஒரு கிழவர், நாற்பது வருஷமாக நடுக்கோட்டுக்கு நேரே ஒரே இருக்கையில் உட்காருகிறவர், அவர் மட்டும், என் நாற்காலியை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று கத்தினார். நாற்காலி சிமெண்டில் பதித்தது. எல்லாரும் சிரித்தார்கள், பாவம், மூளை குழம்பிவிட்டது என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு யூனிஸும் வந்தார். நேராகப் போய்ப் புது இடத்துக் கம்பத்தில் கையை வைத்து, இரண்டு தப்படி பின்னால் பார்த்து, கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று வெர்னிடம் சொல்ல ஆரம்பித்தார். அங்கே வெறும் மண். நான் பக்கத்தில் போனேன், வாய் வரைக்கும் வந்தது, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அந்த அடுத்த வாரம் முப்பத்திரண்டு வருஷம் இழுத்தது.

இதில் இன்னொன்று. அதே வருஷம் ஆகஸ்டில் செஸ் மல்ரெடி செத்துப்போனார். அவர் மகள் லோரெய்ன் டப்பாவோடு வந்தாள். அப்பா சரியாக எந்த இடத்தில் பந்தை விட்டாரோ அந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தாராம். வலது கம்பம். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார் என்று நான் எப்படிச் சொல்ல? புதுக் கம்பத்தடியில் வெர்ன் இல்லையே. வைத்தேன். பின்னால் இரண்டு தப்படி. கோட்டுக்கு முன்னால் மிதிபட்டுப் புல் பிடிக்காது என்பதால் பின்னால். இன்னும் தள்ளி வைத்திருக்கலாம், பெண் பக்கத்திலேயே நின்று அளவு பார்த்தாள். நோட்டில் செஸ்ஸின் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

அதற்கப்புறம் யூனிஸ் பேசினதெல்லாம் செஸ்ஸிடம்.

எனக்கு நானே ஒரு தண்டனை வைத்துக்கொண்டேன். மேட்டுக்குப் பின்னால் வேலியில் ஏழாவது கால், பழைய வலது கம்பத்துக்கு நேராக இருப்பது. அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்தேன். வருஷா வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் அதைப் புதுப்பித்துவிடுவேன். இது எதற்கு என்று யாராவது கேட்டால், நீர்க்குழாய் அடையாளம் என்பேன்.

போன வருஷம் ஜூலையில் கவுன்சில் கூட்டம் போட்டது. புல் போகிறது, செயற்கைப் புல் வருகிறது. தூலா கஸ்தானாஸ் என்று ஒரு பொறியாளர் பெண், நல்ல பெண், படம் போட்டுக் காட்டினாள். ஆடுகளம் முழுக்க முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வாரி லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அடியில் குப்பை இருப்பதால் அந்த மண் வேறு எதற்கும் உதவாதாம். வேலி, இருக்கைகள், வடக்கு மேடு, இவற்றில் கை வைக்க மாட்டார்கள். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். திரும்பிப் பார்த்தேன், டப்பா கொண்டுவந்த குடும்பங்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, கவுன்சில்காரர்கள் முன்னால் எப்படித் திறப்பார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை யூனிஸ் கையில் பிஸ்கட் டப்பாவோடு மைதானத்தில் இருக்கிற என் கொட்டகைக்கு வந்தார். எண்பத்தைந்து வயது. அந்த வருஷம்தான் இதயத்துக்கு வைத்தியம் ஆரம்பித்திருந்தது, இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் சொன்னதை ஊர் பூராவும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெவ், அந்தக் குழாயை எடுத்துக்கிட்டு வா. வெர்னை வெளிய எடு. நான் போறவரைக்கும் வீட்ல வச்சுக்கறேன். அப்புறம் ரெண்டு பேரையும் ஒண்ணா எங்கயாவது போடு. குப்பைமேட்டுக்கு லாரியில போக விடமாட்டேன்."

குழாயை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வேறு என்ன செய்ய? வலது கம்பம், இரண்டு தப்படி. குழாயை அழுத்தித் திருகி இழுத்தேன். உருளையாக மண் வந்தது, அடியில் லேசாகச் சாம்பல் நிறம். யூனிஸ் டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே சுத்தமான ஒரு கைக்குட்டை விரித்து வைத்திருந்தார்.

அந்த டப்பாவில் போட்டிருந்தால் முடிந்தது. யாருக்கும் தெரிந்திருக்காது. அவரும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. இஸ்திரி போட்டு மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"யூனிஸ், இது வெர்ன் இல்ல," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பதினோரு மீட்டர், மேடு, நோட்டு. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு தடவை கம்பத்தைத் தலை தூக்கிப் பார்த்தார், அதுதான் தன்னை ஏமாற்றினது போல.

"அப்ப வெர்ன் எங்க?"

மேட்டைக் காட்டினேன்.

யூனிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "டன்ஸ்மோர்க்காரன் நிக்கற எடத்துலயா? முப்பத்திரெண்டு வருஷமா அவனுங்க காலுக்கடியிலயா என் புருஷன் கெடக்கறான்?"

ஆமாம் என்றேன். பீரைக் கொட்டியிருப்பான்கள் என்றார். கொட்டியிருப்பார்கள் என்றேன். அப்புறம் என்னைத் திட்டினார். முட்டாள் என்றார், கோழை என்றார், ஆர்ச்சி இருந்திருந்தால் உன் தோலை உரித்திருப்பான் என்றார். நியாயம்தான், நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மூச்சு வாங்கினதும் நிறுத்திவிட்டு, என் கையைப் பார்த்தார்.

"இது யாரு?"

"செஸ் மல்ரெடி."

இதைச் சொன்னதும் உட்கார வேண்டும் என்றார். கொட்டகையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டேன். என் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார்.

"பையன் வேலையை விட்டுட்டுப் போனதைச் சொன்னேன்," என்றார். "என் மாரில கட்டி வந்தப்ப மொதல்ல இங்க வந்துதான் சொன்னேன். பொண்ணுக்குக்கூடச் சொல்லல." அப்புறம், "அந்த ஆளைப் பத்தியே சொல்லியிருக்கேன் நெவ். செஸ் போயிட்டான் வெர்ன், இப்பவாவது கோவத்தை விடுன்னு. அவன்கிட்டயே சொல்லியிருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"வெர்ன் அரை மணி நேரம் நான் பேசுறதக் கேக்க மாட்டான். பேப்பரை எடுத்துருவான். இந்த மனுஷன் முப்பத்திரெண்டு வருஷம் கேட்டிருக்கான்."

எழுந்துகொண்டார். மேட்டுக்குப் போகலாம் என்றார். பதினோரு மீட்டர்தான், ஆனால் நடுவில் இரண்டு தடவை நின்றார். மேட்டில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் அந்த மண்ணுருளையைக் கையிலேயே வைத்திருந்தேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேலியின் ஏழாவது காலில் இருந்த வெள்ளைப் பட்டையைக் காட்டினேன். அதற்கு நேராக, இன்ன இடம் என்று காலால் தொட்டுக் காட்டினேன். இது எப்போது அடித்தது என்று கேட்டார். வருஷா வருஷம் என்றேன். என் கையை ஒரு தட்டுத் தட்டினார்.

"செஸ் கேட்ட எடம் எது? பந்தை விட்ட எடம்?"

நான் யோசித்துப் பார்த்தேன். 1963இல் கம்பம் பழைய இடத்தில். செஸ் பந்தை விட்டது புது இடத்தில் இல்லை, இங்கேதான். நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து மூன்று தப்படி. அந்த மனுஷனையும் நான் தப்பான இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

"வெட்டு," என்றார்.

லோரெய்ன் பெர்த்தில் இருக்கிறாள், கேட்க வேண்டாமா என்றேன். அவர் தன் போனையே எடுத்துப் பேசினார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கும் கேட்டது. யூனிஸ் சொன்னபடி செய்யுங்கள் என்றாள்.

வெட்டினேன். செஸ்ஸை வைத்தேன். மேலே புல்லை வைத்துக் குதிகாலால் மிதித்தேன், ஆர்ச்சி செய்கிற மாதிரி நாலு மிதி. யூனிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏழாவது காலுக்கு நேரே இருந்த புல்லிடம் பேசினார். சத்தமாக இல்லை.

"வெர்ன், செஸ் வந்திருக்கான். நீ பேச வேணாம். அவன் பேசுவான், நீ கேளு."

அப்புறம் இரண்டு இடத்துக்கும் நடுவில் தன் செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்தார்.

"எனக்கு இங்க. ஒரு கோப்பைதான், தெரியும். நடுவுல நான் இல்லன்னா ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடக்கும்."

மற்ற குடும்பங்களுக்கு அந்த வாரமே சொன்னேன். திட்டு வாங்கினேன், ஹாரி பென்வெல்லின் மகன்தான் அதிகம் திட்டினான், அதுவும் நியாயம். மேட்டுக்கு அடியில் இருந்தவர்கள் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். புதுக் கம்பத்தடியில் பிற்பாடு நான் வைத்தவர்களை வீட்டார் வந்து ஆளுக்கொரு உருளையாக எடுத்துப் பூந்தொட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். தூலா வந்து ஓட்டை ஓட்டையாக இருந்த புல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பூச்சி அரிப்பு என்று தன் தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் நல்ல பெண் என்றேன்.

புதுப் புல்லுக்கு நான் வேண்டாம், அதை வெட்டவே வேண்டாமே. ஆனாலும் போகிறேன். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யூனிஸின் மகள் அந்தப் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே அதே கைக்குட்டை. இந்தத் தடவை நான் கம்பத்திலிருந்து அளக்கவில்லை. ஏழாவது காலிலிருந்து அளந்தேன், இரண்டு பேருக்கும் நடுவில் குழாயை இறக்கினேன்.

சனிக்கிழமை டன்ஸ்மோர்க்காரர்கள் வந்தார்கள். மேட்டில் ஏறப் போனவர்களிடம் புது மண், உள்வாங்கும், தள்ளி நில்லுங்கள் என்றேன். தள்ளித்தான் நின்றார்கள்.